துண்டுக்குள் விலைபோன பத்திரிகை

அன்பு மகன் ஆரோக்கியத்துக்கு,

சுகம் விசாரிக்க வேண்டிய முதல் வரியிலேயே சண்டைதான் வருகிறது, பொறுத்துக்கொள். நீயும் ஸ்டெல்லாவும் நலம் என்பதும், மேட்டூர்த் தண்ணீர் அவளுக்கு ஒருவழியாக ஒத்துக்கொண்டது என்பதும் உன் கடிதத்தின் முதல் பக்கத்தில் படித்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் அடுத்த பக்கம் வரைக்கும்கூட நிற்கவில்லை. கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வருகிறேன் என்பதுபோல எழுதியிருக்கிறாய்: மின்சார வாரிய வேலையை விடப் போகிறாயாம், மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் 'தோல் வணிகன்' பத்திரிகையை உனக்கே கொடுக்கச் சம்மதித்துவிட்டார்களாம், மாதக் கடைசியில் ராஜினாமாவாம். 'அம்மா, உன் பத்திரிகை உன்னிடமே திரும்பி வரப்போகிறது' என்று கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி வேறு. அதைப் படித்துக்கொண்டிருந்ததில் பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

நேரில் வந்து உன் காதைத் திருகத்தான் ஆசை. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், லீவு கிடையாது, முழங்காலும் இப்போதெல்லாம் பஸ் படி ஏற மறுக்கிறது. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து பொறுமையாகப் படி. ஸ்டெல்லாவிடமும் படிக்கக் கொடு. அவளுக்குத் தெரியாமல் நீ முடிவெடுத்திருப்பாய் என்று நான் சந்தேகப்படுகிறேன். உன் அப்பாவும் அப்படித்தான் செய்தார்.

அந்தப் பத்திரிகை உன் அப்பாவுடையது, பிறகு என்னுடையது, பிறகு ராவுத்தருடையது, இப்போது கம்பெனியுடையது. உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு முறை உரிமையாளர் யார் என்று பத்திரிகையிலேயே அச்சிட வேண்டும் என்று சட்டம் வந்ததே, அதன்படி மார்ச் மாத இதழ்களை வரிசையாக அடுக்கினால் இந்த நான்கு பெயரும் கிடைக்கும். ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் எப்படி வந்தது என்பதை எந்த மார்ச் இதழும் சொல்லாது. அதை நான்தான் சொல்ல வேண்டும். எனக்குப் பிறகு சொல்ல ஆள் இல்லை.

உன் அப்பா திண்டுக்கல் பேகம்பூரில், தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். என்னைக் கட்டிக்கொண்டபோது மாதச் சம்பளக்காரர் என்றுதான் சொன்னார்கள். நீ பிறந்த கொஞ்ச நாளில் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். என்ன நடந்தது என்று கேட்டேன். "இன்னிக்கு ஒரு ஆளு தோல் மண்டி வாசல்ல ஒக்காந்து அழுதான்" என்றார். அவ்வளவுதான் காரணம். வேடசந்தூர்ப் பக்கமிருந்தும் ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்தும் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் உப்புத் தடவிச் சுமந்துகொண்டு வருவார்கள். விற்கிறவன் நேராக விலை பேச முடியாது. அவனுடைய தரகரும் வாங்குகிற ஷாப்காரரும் ஒரு துண்டை விரித்து, அதற்குள் கை கோத்து, விரலை அழுத்தி விலை பேசுவார்கள். வாய் திறக்க மாட்டார்கள். துண்டை எடுத்ததும் வியாபாரம் முடிந்தது. என்ன விலைக்கு முடிந்தது என்று தரகர் வந்து சொல்வதுதான் விற்கிறவனுக்குத் தெரியும். அவர் சொல்வது நிஜமா என்று கேட்க அவனுக்கு வழியே இல்லை.

ஷாப்பில் கணக்கு எழுதிய உன் அப்பாவுக்கு நிஜ விலை தெரியும். மற்ற ஷாப் கணக்குப்பிள்ளைகள் எல்லாம் அவருடைய சிநேகிதர்கள், டீக்கடையில் அவர்களும் சொல்வார்கள். அந்த விலையை அச்சடித்து வெளியிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பழைய டிரெடில் அச்சு மெஷின் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து நம் முன்னறையில் இறக்கினார். உன் தூளியை நான் அடுக்களைக்கு மாற்றிக் கட்டினேன். சப்-கலெக்டர் ஆபீசில் பெயர் பதியப் போனபோது அங்கிருந்த குமாஸ்தா, "தோலுக்கு எதுக்குய்யா பத்திரிக? மாடா படிக்கப்போகுது?" என்று கேட்டாராம். "மாட்ட உரிக்கிறவன் படிப்பான் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மறுநாள் அரிசிக்கு என்ன செய்வது என்றுதான் ஓடியது.

'தோல் வணிகன்' மாதம் இரண்டு முறை வரும். ஆவாரம்பட்டையை எப்படி இடிப்பது, சுண்ணாம்புத் தொட்டியில் தோலை எவ்வளவு ஊறவிடுவது, கடுக்காய் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்றெல்லாம் எழுதுவார். அவற்றை யார் படித்தார்களோ தெரியாது. கடைசிப் பக்கம்தான் விலைப்பக்கம். அதை எல்லோரும் படித்தார்கள். படிக்கத் தெரியாதவன் படிக்கத் தெரிந்தவனைப் பிடித்துக்கொண்டு படிக்கச் சொன்னான். திட்டிக்கொண்டே முதல் ஆளாக வாங்கியவர்கள் தரகர்கள். ஒருநாள் ஒரு பெரிய தரகர் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் மோர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ஏலே அப்பு, துண்டுக்குள்ள நடக்குறது புருசன் பொஞ்சாதி பேச்சு மாதிரி. அத ஊருக்குச் சொல்லலாமா?" என்றார்.

"புருசன் பொஞ்சாதி பேச்சுன்னா ரெண்டு பேருக்கும் சம்மதம் இருக்கணும்லண்ணே. இங்க ஒருத்தன் அழுதுகிட்டுல்ல வீட்டுக்குப் போறான்" என்றார் அப்பா.

அவர் எழுந்து போய்விட்டார். அடுத்த இதழையும் வாங்கினார்.

அப்பாவால் அதைச் செய்ய முடிந்ததற்கு அவர் பெரிய வீரர் என்பது காரணமில்லை, மகனே. நீ அவரை அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவருக்கு மண்டியில் கடை கிடையாது, ஷாப் கிடையாது, தோல் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. யாருடைய துண்டுக்குள்ளும் அவர் கை இருக்கவில்லை, அதனால் எழுதினார். ஒரு பத்திரிகை யார் கையில் இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அந்தக் கை வேறு எதையெல்லாம் பிடித்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். இது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று, பட்டுத்தான் புரிந்தது.

அப்பா காய்ச்சலில் போனார். அப்போது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய், உனக்கு நினைவிருக்கும். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு மைக்கேல் மாமா, அதுதான் என் அண்ணன், நாகல்நகரில் தானியக் கடை வைத்திருந்தவர், மெஷினைச் சுட்டிக்காட்டி "இத என்னத்தா செய்யப்போற?" என்று கேட்டார். "ஓட்டப்போறேண்ணே" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அடுத்து வந்த மார்ச் இதழில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை நானே அச்சுக் கோத்தேன். ஈய எழுத்தில் என் பெயரைத் தலைகீழாகப் பார்த்தபோது அது யாரோ மாதிரி இருந்தது.

டீக்கடையில் போய் நான் உட்கார முடியாது. கணக்குப்பிள்ளைகள் என்னிடம் விலை சொல்ல வெட்கப்பட்டார்கள். ஆனால் அவர்களுடைய மனைவிமார் என் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருவார்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் மரத்தடியில் நிற்பார்கள். "நேத்து உங்க ஷாப்புல ஆட்டுத்தோல் என்ன வெலைக்கு எடுத்தாகளாம்?" என்று, புடவை விலை கேட்பதுபோலக் கேட்பேன். சொல்லிவிடுவார்கள். ஆண்கள் துண்டு போட்டு மூடியதைப் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே சொன்னார்கள். அந்த வருஷங்களில் விலைப்பக்கம் ஒரு இதழில்கூட விட்டுப்போகவில்லை. என் வாழ்க்கையில் நான் பெருமைப்படுகிற காரியம் ஒன்று இருக்கிறதென்றால் அதுதான். பெருமை சோறு போடவில்லை என்பது வேறு விஷயம்.

விளம்பரம் குறைந்தது. ஒரு பொம்பிளை நடத்துகிற பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தால் மண்டியில் கேலி செய்கிறார்கள் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். காகிதக் கோட்டா கிடைப்பது கடினமாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் உனக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்தது. உன் படிப்புக்காகத்தான் அம்மா பத்திரிகையை விற்றாள் என்பதை இப்போது ஏதோ கண்டுபிடித்ததுபோல எழுதியிருக்கிறாய். நான் அதை எப்போது ஒளித்தேன்? ஊருக்கே தெரியும். பத்திரிகையா மகனா என்று வந்தது, மகன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருந்தது?

வாங்க வந்தவர் மீரான் ராவுத்தர். பேகம்பூரில் பெரிய ஷாப் வைத்திருந்தவர், அப்பாவின் சிநேகிதர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவரைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு தப்பான வார்த்தை எழுத மாட்டேன், நீயும் நினைக்காதே. நல்ல மனிதர் வாங்குகிறார் என்பதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. பெயரை மாற்றட்டும், அட்டையை மாற்றட்டும், என் பெயரை எடுத்துவிடட்டும். விலைப்பக்கம் மட்டும் நின்றுவிடக் கூடாது. இதை மைக்கேல் மாமாவிடம் பேரத்தன்று காலையிலிருந்து படித்துப் படித்துச் சொன்னேன்.

ஏன் மாமாவிடம் சொன்னேன் என்றால், பேரம் பேசப்போவது அவர்தான். தோல் மண்டிக்காரர் ஒரு பொருளை வாங்குவதென்றால் அவருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். பத்திரிகையையும் அப்படியே வாங்க வந்தார். சாட்சிக்கு இரண்டு வியாபாரிகளும் கூட வந்தார்கள். நம் முன்னறையில், அதே மெஷினுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பத்திரிகைக்குச் சொந்தக்காரி நான். ஆனால் அந்நிய ஆணோடு துண்டுக்குள் கை கோக்க என்னால் முடியுமா? என் கைக்குப் பதிலாக அண்ணன் கை போயிற்று. ராவுத்தர் தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போட்டார். நான் அடுக்களை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. ஒருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஊரெல்லாம் எந்தத் துண்டைத் தூக்கிக் காட்டுவதற்காக அந்தப் பத்திரிகை பிறந்ததோ, அதே துண்டுக்குள் அது விலைபோய்க்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

துண்டு விலகியது. "முடிஞ்சிருச்சு தங்கச்சி, சருவத்து போடுங்க" என்றார் ராவுத்தர். மாமா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார்.

"அண்ணே, விலைப்பக்கத்தப் பத்திச் சொல்லிட்டீகளா?"

"என்னத்தா நீ வெவரமில்லாமப் பேசுற? விரல்ல வெலதான் பேசலாம். பக்கத்தப் பத்தி எந்த விரலால சொல்றது?"

"அப்ப வாயத் தொறந்து சொல்லுங்க. இப்பப் போயிச் சொல்லுங்க."

"கை குடுத்தாச்சு. கை குடுத்த பெறவு பேச்செடுத்தா அந்த மனுசன நம்பலன்னுல்ல அர்த்தம்? அவருக்குத் தெரியாதா? நல்ல மனுசன். சும்மா இரு."

மாமா பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. மண்டி வழக்கப்படி அவர் மரியாதையாக நடந்துகொண்டார். துண்டுக்குள் விலையைத் தவிர வேறு எதற்கும் சைகை கிடையாது. துண்டை எடுத்த பிறகு நிபந்தனை பேசுவது கையை அவமதிப்பது. பேச இடமே இல்லாத ஒரு முறையில் எங்கள் பேச்சையெல்லாம் போட்டு முடித்துவிட்டோம். வேறு ஊராக இருந்தால், வேறு தொழிலாக இருந்தால், ஒரு வக்கீல் அதை வாயால் கேட்டிருப்பார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சர்பத் தம்ளர்களோடு முன்னறைக்குப் போய் நேராகவே கேட்டேன். "ராவுத்தரண்ணே, விலைப்பக்கம் நிக்காம வரணும். அதுக்குத்தான் அவுக இத ஆரம்பிச்சாக." சாட்சிக்கு வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். மாமாவின் முகம் கறுத்துவிட்டது. ராவுத்தர் மட்டும் கோபப்படவில்லை. "நல்லா நடத்துவேன் தங்கச்சி. ஒங்க வீட்டுக்காரரு பேரு கெடாது" என்றார். மனதாரத்தான் சொன்னார். என் கேள்விக்கு அது பதில் இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. அதற்கு மேல் எப்படிக் கேட்பது? அன்றைக்கு எழுந்து போன மைக்கேல் மாமா அதற்குப் பிறகு சாகும்வரை நம் வீட்டில் கை நனைக்கவில்லை. மாமா ஏன் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை என்று காலேஜிலிருந்து வந்தபோதெல்லாம் கேட்பாயே. சபையில் அவர் கையை நான் அவமானப்படுத்திவிட்டேனாம். பத்திரிகையும் போனது, பக்கமும் போனது, கூடவே அண்ணனும் போனார்.

கொஞ்ச நாள் விலைப்பக்கம் வந்தது. பிறகு பாதியானது. பிறகு ஒரு இதழில் அந்த இடத்தில் சோப்பு விளம்பரம் இருந்தது. பேகம்பூருக்கு நேரே போனேன். ராவுத்தர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார், தானும் தலை குனிந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நா தெனமும் மண்டியில ஒக்காந்து கை போடுறவன். எங்கூடக் கை போடுறவுக வெலைய நானே அச்சுப் போட்டு வித்தா, நாளைக்கு எவன் எங்கிட்டக் கை நீட்டுவான்? ஒங்க வீட்டுக்காரரு வெளிய நின்னவரு. நா உள்ள இருக்கவன். இம்புட்டு நாள் போட்டதே பெரிசும்மா."

அவர் சொன்னது அவ்வளவும் நியாயம். அதுதான் என்னை முறித்துப்போட்டது. அவர் அயோக்கியராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

அதன் பிறகு நடந்தது நீயே அறிவாய். ராவுத்தர் நோயில் படுத்தார், அவர் பிள்ளைகள் ஷாப்பைப் பிரித்துக்கொண்டார்கள், யாருக்கும் வேண்டாத சாமானோடு சாமானாகப் பத்திரிகை மெட்ராசுக்குப் போனது. வாங்கியது தோல் பதனிடப் பட்டைச் சாறும் குரோம் மருந்தும் விற்கிற கம்பெனி. காகிதம் வழுவழுப்பானது. ஆவாரம்பட்டை பழைய காலத்துச் சமாசாரம், எங்கள் மருந்தை வாங்குங்கள் என்று ஆவாரம்பட்டை பற்றி எழுதிய அதே பத்திரிகை எழுதியது. தொடங்கியவர் என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்த அப்பாவின் பெயர் ஒரு மார்ச் மாதத்தில் காணாமல் போனது. கடிதம் எழுதிக் கேட்டேன், இடநெருக்கடி என்று பதில் வந்தது. இப்போது அவர்களுக்கே அது அலுத்துவிட்டது, அதனால் உனக்குத் தருகிறார்கள். அவர்கள் கடித்துத் துப்பியதைப் பொறுக்க நீ வேலையை விடுகிறாய்.

விலைப்பக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த அன்று எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கு வயசு குறைந்துபோனது. அதனால்தான் போன சனிக்கிழமை முழங்கால் வலியோடு வேடசந்தூருக்குப் பஸ் ஏறினேன். உனக்கு எதிராகச் சாட்சி தேடிப் போனேன் என்று நினைக்காதே. நீ சொல்வது சரியாக இருந்துவிடாதா என்ற நப்பாசையில்தான் போனேன். அங்கே கருப்பையா இருக்கிறார். அந்தக் காலத்தில் ஊர் ஊராகத் தோல் சேர்த்துத் திண்டுக்கல் மண்டிக்குச் சைக்கிளில் கொண்டுவருவார். விலைப்பக்கம் நின்றபோது நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "என்னம்மா, பக்கத்தக் காணோமே" என்று கேட்ட முதல் ஆள் அவர். அன்று அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லலாம் என்று போனேன்.

வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழப்பார்த்தார், முடியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். என் மகன் பத்திரிகையை வாங்கப்போகிறான், விலைப்பக்கம் மறுபடி வரும் என்றேன்.

"யாரு வெலைம்மா போடப்போறாக?" என்றார்.

"மண்டி விலைதான், கருப்பையா."

"மண்டிக்கு இப்ப யாரு போறா? தோல் எடுக்க ஊருக்கே லாரி வருதும்மா. அவன் ஒரு வெல சொல்வான், குடுத்துட்டு நிக்க வேண்டியதுதான். அந்த வெலைய மெட்ராசுலயே முடிச்சு அனுப்புறாக. முன்னயாவது வெல தெரிஞ்சா ரெண்டு மண்டி ஏறி எறங்கலாம், தரகங்கூடச் சண்ட போடலாம். இப்ப வெல தெரிஞ்சா மட்டும் என்ன செய்ய? வேற லாரி கெடையாதே."

"உங்க மகன் பத்திரிகையப் படிப்பான்ல?"

"அவன் மில்லுக்குல்ல போறான். தோலத் தொடவே மாட்டேங்குறான். நல்லதுதாம்மா, விடுங்க." பிறகு மருமகளைக் கூப்பிட்டு எனக்குக் காபித்தண்ணி போடச் சொன்னார். அந்த வீட்டில் அப்பாவின் பத்திரிகையைப் பற்றி அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்கவில்லை. திரும்பி வர மில் பஸ்ஸிலேயே இடம் கொடுத்தார்கள். ஷிப்ட் முடிந்த பிள்ளைகள் தலையில் பஞ்சுத் தூசியோடு தூங்கி வழிந்துகொண்டு வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை.

துண்டுக்குள் இருந்த விலையையாவது யாரோ ஒரு கணக்குப்பிள்ளையைக் கேட்டு, யாரோ ஒருவர் மனைவியைக் கேட்டு வெளியே கொண்டுவந்துவிடலாம். மெட்ராசில் மூடிய அறைக்குள் முடிகிற விலையை நீ எந்த டீக்கடையில் போய்க் கேட்பாய்? கேட்டு அச்சடித்தாலும் யாருக்கு விற்பாய்? கருப்பையாவுக்கு அது வேண்டாம். லாரிக்காரனுக்கு ஏற்கெனவே தெரியும். அப்பா நடத்திய பத்திரிகை இப்போது எந்த விலைக்கும் கிடைக்காது, மகனே. அவர்கள் உனக்கு விற்பது அதன் பெயரை மட்டும்தான். அதில் நீ சம்பளத்தைப் போடுவாய், பிறகு ஸ்டெல்லாவின் நகையைப் போடுவாய், பிறகு விளம்பரத்துக்காக அதே கம்பெனியின் வாசலில் போய் நிற்பாய். உன்னை எனக்குத் தெரியும், நீ பாதியில் விடுகிற ரகம் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஒருவேளை இந்தத் தபால் வருவதற்குள் நீ ராஜினாமாவைக் கொடுத்திருப்பாய். அப்படித்தான் என் மனசுக்குப் படுகிறது. பேச வேண்டியதை எப்போதும் கை குடுத்த பிறகுதான் பேசுகிறோம், அது நம் வீட்டு ராசி. கொடுத்திருந்தால் போய்த் திரும்பக் கேள். வெட்கமாக இருக்கும், பரவாயில்லை, கேள். அதிகாரி சிரித்தால் சிரிக்கட்டும்.

எனக்கு ஏதோ திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. அப்பா போனார், பத்திரிகை போனது, அண்ணன் முகம் கொடுத்துப் பேசாமலே போய்ச் சேர்ந்தார். அவ்வளவையும் விற்று நான் வாங்கியது நீ ஒருவன்தான், ஆரோக்கியம். எனக்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை. உன்னையும் கொண்டுபோய் அவர்களிடமே கொடுத்துவிட்டு, வெறும் பெயரை வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் நிற்காதே.

அம்மா